எண் வரவில்லையா? முதலில் குண்டைத் தேடுங்கள்

நான்காவது தோட்டாவின் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. முதல் மூன்றும் ‘டமார்’ என்று போயின. இதுவோ, தீபாவளிக்கு மறுநாள் பிள்ளைகள் தெருவில் பொறுக்கி வந்து கொளுத்தும் நமத்த பட்டாசு மாதிரி ‘டப்’ என்று அடங்கிவிட்டது. ரிவால்வரால் சுட்ட நண்பர் அதைக் கவனிக்கவில்லை. அவர் காதில் ஒலித்தடுப்பு இருந்தது. கண் மேசைமேல் இருந்த குரோனோகிராஃப் திரையில், அதாவது வானத்து வெளிச்சத்தை வைத்துக் குண்டின் வேகத்தை அளக்கும் கருவியின் திரையில் இருந்தது. திரையில் எண் எதுவும் இல்லை.

“அண்ணா, கருவி இந்தக் குண்டைப் பிடிக்கவில்லை. மேகம் மறைத்துவிட்டது போலிருக்கிறது” என்றார். கட்டைவிரல் மறுபடி தோட்டாவை அடிக்கும் ஹேமரின் மேல் போய்விட்டது.

“கையை நிறுத்துங்கள்! துப்பாக்கியைத் திருப்பாதீர்கள், மண்மேட்டைப் பார்த்தே இருக்கட்டும்!” நான் போட்ட கூச்சலில் பக்கத்து மேசைக்காரர்களும் சுடுவதை நிறுத்திவிட்டார்கள்.

வெடிமருந்து தாமதமாகப் பற்றினாலும் பற்றலாம் என்பதால் ஒரு நிமிடம் அசையாமல் காத்திருந்தோம். பிறகு சிலிண்டரைத் திறந்து தோட்டாக்களைக் கொட்டிவிட்டு, துடைக்கும் கம்பியைக் குழலின் முனை வழியாக விட்டேன். பாதியிலேயே முட்டியது. 158 கிரெய்ன் (சுமார் 10 கிராம்) எடையுள்ள ஈயக் குண்டு நடுக்குழலில் உட்கார்ந்திருந்தது. அதன் பின்னால் ஐந்தாவது குண்டு போய் மோதியிருந்தால், எலியை விழுங்கிய பாம்பு மாதிரி குழல் வீங்கியிருக்கும், பிளந்தும் இருக்கலாம்.

நான் அமெரிக்காவில், டெக்சாஸில் ஒரு சுடுதளத்தில் பாதுகாப்பு அலுவலராக வேலை செய்கிறேன். சுட்ட உறைகளைப் பொறுக்கி, புதுப் பிரைமரும் (ஹேமர் அடித்ததும் பொறி கிளப்பும் சிறு மூடி) மருந்தும் குண்டும் வைத்து வீட்டிலேயே தோட்டா தயாரிப்பது இங்கே பழைய பொழுதுபோக்கு. சொந்த உபயோகத்துக்குத் தயாரிக்க மத்திய அரசின் உரிமம் வேண்டாம். விற்பனைத் தொழிலாகச் செய்தால் வேண்டும். இந்தியாவில் கதையே வேறு: 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். இங்கே வரும் நம்மவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. நண்பர் கூப்பிட்டார் என்று சும்மா வந்து நாலு குண்டு சுடுவதற்கு முன் இதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

அன்றைய கதை குழலோடு முடியவில்லை. நான்காவது உறைக்குள் மருந்தே விழவில்லை. பிரைமரின் பொறி மட்டும்தான் குண்டை அவ்வளவு தூரம் தள்ளியிருக்கிறது. அப்படியானால் அந்த மருந்து எங்கே போனது? நண்பர் ஐம்பது தோட்டா தயாரித்திருந்தார். மீதி 46ஐயும் தராசில் வைத்துப் பார்க்கலாம் என்றார். அது உதவாது. உறைக்கு உறை, குண்டுக்குக் குண்டு இருக்கும் எடை வித்தியாசத்திலேயே அந்தச் சிறிதளவு மருந்து ஒளிந்துகொள்ளும். சுத்தியல் மாதிரியான இழுப்பானில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பிரித்தோம். இருபதைத் தாண்டியபோது ஒன்றில் இரண்டு பங்கு மருந்து கொட்டியது. இருவரும் சற்று நேரம் பேசவில்லை. மருந்து அளக்கும்போது தொலைபேசி வந்ததாம். எழுந்து போய்ப் பேசிவிட்டு வந்து விட்ட இடத்தில் தொடர்ந்ததாக நினைத்திருக்கிறார்.

அவர் சுட்ட .38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டாவில் இது நடப்பதற்குக் காரணம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த இந்தத் தோட்டா, 21 கிரெய்ன் அளவுக்குக் கருமருந்து நிரப்புவதற்காக வடிவமைக்கப்பட்டது. இன்றைய புகையற்ற மருந்து அதில் சிறு பங்கு போதும். பெரிய அண்டாவில் ஒரு கரண்டி ரசம் மாதிரி அது அடியில் கிடக்கும். இரண்டு கரண்டி ஊற்றினாலும் வழியாது. மேலிருந்து விளக்கடித்துப் பார்க்காதவருக்குத் தெரியவும் தெரியாது. குண்டு வைப்பதற்கு முன் எல்லா உறைகளையும் பலகையில் வரிசையாக நிறுத்தி வெளிச்சத்தில் எட்டிப் பாருங்கள். இதற்கு மாற்று கிடையாது.

இப்போது வேகத்துக்கு வருகிறேன். குரோனோகிராஃப் வைத்திருப்பவர்களிடம் நான் காணும் பெரிய தவறு, ஐந்து குண்டு சுட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதுவது. ஐந்து எண்களின் திட்டவிலக்கம் (வேகம் எவ்வளவு சிதறுகிறது என்ற அளவு) விநாடிக்கு 10 அடி என்று வந்தால் முகம் மலர்ந்துவிடும். கணக்குப்படி உண்மையான விலக்கம் 6லிருந்து 29 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்; 95 சதவீத நம்பகத்துக்கு அவ்வளவு அகலம் தேவைப்படுகிறது. முப்பது சுட்டால் அதே 10க்கு எல்லை 8லிருந்து 13 ஆகச் சுருங்கும். ஐந்தை வைத்து ‘இந்த மருந்து அந்த மருந்தைவிட மேல்’ என்று சொல்வது, ஒரு பருக்கையைக்கூடச் சரியாகப் பார்க்காமல் பானைக்குச் சான்றிதழ் தருவது.

மருந்து உறைக்குள் எந்தப் பக்கம் கிடக்கிறது என்பதும் வேகத்தை மாற்றும். ஐந்து தோட்டாக்களை, ஒவ்வொரு முறையும் குழலை மேலே தூக்கி மருந்தைப் பிரைமர் பக்கம் சாய்த்துவிட்டு, மெதுவாக இறக்கிச் சுடுங்கள். அடுத்த ஐந்தைக் கீழே சாய்த்து, மருந்தைக் குண்டுப் பக்கம் அனுப்பிவிட்டுச் சுடுங்கள். இரண்டு வேளையும் குழல் பாதுகாப்பான திசையிலேயே இருக்க வேண்டும். மேலே சாய்க்க உங்கள் சுடுதளம் அனுமதிக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். உறையில் காலியிடம் மிகுந்த .38இல் இரண்டாவது வரிசை விநாடிக்குப் பல பத்து அடிகள் மெதுவாகப் போவது சாதாரணம். சில மருந்துகளில் நூறைத் தாண்டும். ஐடிபிஏ (IDPA) என்ற துப்பாக்கிச் சுடும் போட்டியில் சாதாரண ரிவால்வருக்குக் குண்டின் கிரெய்ன் எடையை வேகத்தால் பெருக்கினால் 1,05,000 வர வேண்டும். 158 கிரெய்னுக்கு விநாடிக்கு 665 அடி போதும். நுனிக்கணக்கில் தயாரித்துக்கொண்டு போகிறவர் மருந்து முன்பக்கம் கிடந்த நாளில் தோற்றுப்போவார். மருந்தைக் கூட்டச் சொல்லவில்லை. காலியிடத்தால் பாதிக்கப்படாத மருந்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன்.

கருவியின் எண் அழுத்தத்தைச் சொல்லாது. .38 ஸ்பெஷலின் வரம்பு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு; அதைவிட வலுவான .357 மேக்னம் தோட்டாவுக்கு 35,000. 1926இல் தொடங்கப்பட்ட, துப்பாக்கி, தோட்டாத் தயாரிப்பாளர்களின் அமெரிக்க அமைப்பான எஸ்ஏஏஎம்ஐயின் (SAAMI) வரையறை அது. எழுத்துக்கூட்டிப் படித்தால் ‘சாமி’ என்று வரும். அந்தச் சாமியிடம் விளையாட வேண்டாம். பிரைமர் தட்டையாகவில்லை, உறை சுலபமாகக் கழன்றது, அதனால் இன்னும் கொஞ்சம் கூட்டலாம் என்று வாதிடுவார்கள். இவ்வளவு தாழ்ந்த வரம்புள்ள தோட்டாவில் அந்த அறிகுறிகள் தெரிவதற்குள் வரம்பு எப்போதோ தாண்டப்பட்டிருக்கும். தோட்டா தயாரிப்புக் கையேட்டில் உள்ள அளவுக்குள்ளேயே இருந்தும் கையேட்டைவிட வேகம் கூடுதலாக வந்தால், அது பரிசு அல்ல; தராசைச் சரிபாருங்கள்.

துல்லியத்தைப் பற்றி ஒன்று சொன்னால் பலர் நம்புவதில்லை. 25 கஜத்தில் விநாடிக்கு 50 அடி வேக வித்தியாசம் குண்டின் வீழ்ச்சியில் அரை அங்குல வித்தியாசம்கூட ஏற்படுத்தாது. மெதுவான குண்டு பல சமயம் மேலேயே படும். குழல் உதைத்து எழும்போதும் அது உள்ளே இருப்பதுதான் காரணம். அதனால் வேகம் சீராக இருந்தும் துளைகள் சிதறினால் சிலிண்டரைப் பாருங்கள். இத்தகைய ரிவால்வரில் பொதுவாகத் தோட்டா நுழையும் ஆறு அறைகள். ஆறு துப்பாக்கிகளை ஒரே குழலில் மாட்டியது போல. அறைகளுக்கு எண் போட்டு, ஒவ்வொரு அறைக்கும் தனித்தனி இலக்குத்தாளில் சுட்டால், ஐந்து அறைகள் நல்ல பிள்ளையாகவும் ஒன்று மட்டும் வம்புக்காரனாகவும் இருப்பது சில துப்பாக்கிகளில் தெரிந்துவிடும். மணல்மூட்டையில் முட்டுக்கொடுத்து, ஒரே பிடியில் சுட வேண்டும். இல்லாவிட்டால் சோதிக்கப்படுவது உங்கள் கை.

இன்னொரு சோதனைக்கு வெர்னியர் காலிப்பர் போதும். ஆறு நிரப்பி ஐந்தைச் சுட்டுவிட்டு, சுடாத ஆறாவதின் நீளத்தை அளந்து பாருங்கள். முன்பைவிட நீண்டிருந்தால், உதைப்பின் அதிர்ச்சியில் குண்டு உறையிலிருந்து வெளியே நகர்ந்திருக்கிறது. உறையின் வாய் மடிப்பு போதவில்லை என்று பொருள். கொஞ்சம் கூடுதலாக நீண்டால் சிலிண்டர் சுற்றாமல் சிக்கிக்கொள்ளும்.

காதுக்கு உள்ளே ஒன்று, மேலே ஒன்று என இரட்டைத் தடுப்பு போடுங்கள். ஈயம் படிந்த கையோடு சாப்பிட உட்காராதீர்கள்.

நண்பர் இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தார். குழலில் சிக்கியிருந்த ஈயக் குண்டைத் தட்டி எடுத்து அவரிடமே கொடுத்திருந்தேன். அதை மருந்துத் தராசின் பக்கத்தில் வைத்திருப்பதாகச் சொன்னார். கையில் கோடுபோட்ட நோட்டு ஒன்று. வேகம், அறை எண், துளை என்று மூன்று பத்திகள். ஏழாவது சுடுதலில் திரை மறுபடி காலியாக நின்றது. அவர் கருவியைப் பார்க்கவில்லை. ரிவால்வரை மண்மேட்டை நோக்கியே பிடித்துக்கொண்டு, மறு கையால் தொலைநோக்கியைச் சரிசெய்து, தாளில் துளைகளை வாய்விட்டு எண்ணினார். ஏழு இருந்தன. நோட்டில் வேகத்துக்கு நேரே ஒரு கோடு போட்டார். துளைக்கு நேரே சரி என்று குறித்துவிட்டு எட்டாவதுக்குத் தயாரானார்.