தோட்பட்டைக்குக் கிட்ட கட்டியா? அரச வைத்தியசாலையில் காசில்லாமல் பார்க்கலாம்

முதுகில், தோட்பட்டை எலும்புக்குக் கிட்ட கட்டி தட்டுப்பட்டால் எண்ணெய் பூசிப் பார்ப்பவர்களும் உண்டு, காசு சேரட்டும் என்று தள்ளிப்போடுபவர்களும் உண்டு. தயவுசெய்து அப்படி இருக்காதீர்கள். அரச வைத்தியசாலைகளில் வைத்தியர் பார்ப்பதும் சத்திரசிகிச்சையும் வெட்டிய துண்டைச் சோதிப்பதும் இலவசம்.

தனியார் வைத்தியரின் கடிதம் தேவையில்லை. காலையிலேயே யாழ் போதனா வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போனால், பார்த்துவிட்டு சத்திரசிகிச்சை கிளினிக்குக்கு எழுதிவிடுவார்கள். பருத்தித்துறை, சாவகச்சேரி, தெல்லிப்பழைப் பக்கத்தவர்கள் தங்கள் ஆதார வைத்தியசாலையிலேயே தொடங்கலாம். பழைய ஸ்கான், குடிக்கும் மருந்துகளின் விபரம் இருந்தால் கொண்டுபோங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அந்த இடத்தில் வருபவற்றில் பெரும்பாலானவை கொழுப்புக் கட்டிகள். மெத்தென்று இருக்கும், விரலால் தள்ளினால் வழுக்கும், நோகாது. இன்னொன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாதது: தோட்பட்டை எலும்பின் கீழ் முனைக்கு அடியில் வளரும் நார்க் கட்டி. 50 வயதைத் தாண்டிய பெண்களிடம் கூடுதலாகக் காணப்படும், இரண்டு பக்கமும் வரலாம். கையைத் தொங்கப்போட்டால் எலும்புக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். ஆகவே வைத்தியரிடம் சட்டையை விலக்கி, இரண்டு கையையும் முன்னுக்கு நீட்டிக் காட்டுங்கள். அப்போதுதான் வெளியே தள்ளிக்கொண்டு வரும். கை அசைக்கும்போது 'டக்' என்று சத்தம் கேட்டால் அதையும் சொல்லுங்கள்.

முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கான். ஆழத்தில் இருந்தால் எம்ஆர்ஐ ஸ்கான் கேட்பார்கள், அதற்குக் காத்திருக்க வேண்டி வரும். தொந்தரவில்லாத சாதாரணக் கட்டியை வெட்டவே தேவையில்லை. தோலுக்குக் கீழே உள்ள சின்னக் கட்டி என்றால் விறைப்பு ஊசி போட்டு எடுத்துவிட்டு அன்றைக்கே வீட்டுக்கு விடுவார்கள்.

ஆனால் 5 சென்ரிமீற்றரை விடப் பெரிதானால், கெதியாக வளர்ந்தால், வலித்தால், எடுத்த இடத்திலேயே திரும்ப வந்தால் ஒரு கிழமைகூடப் பொறுக்க வேண்டாம். முதுகில் வரும் கட்டிகளில் மிகச் சிலதுதான் புற்றுநோயாக இருக்கும், என்றாலும் ஸ்கான் பார்க்காமல் வெட்டக் கூடாது.

காயம் ஆறிவிட்டது என்று பலர் சோதனை முடிவை எடுக்கப் போவதே இல்லை. கட்டி என்ன வகை என்பதை உறுதியாகச் சொல்வது அந்த அறிக்கைதான். கிளினிக் திகதிக்குப் போய், வைத்தியரிடம் விளக்கம் கேட்டு, ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தனியாரிடம் வெட்டினாலும், துண்டைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள்.