ஊர்த் திடலைச் சீரமைக்க அரசின் பங்கு: நமக்கு நாமே திட்டம் நடைமுறையில்

ஊரில் பிள்ளைகள் விளையாடும் திடலைச் சீரமைக்க 9 லட்சம் ரூபாய் ஆகும் என்று பொறியாளர் மதிப்பீடு போட்டால், அதில் 3 லட்சத்தை ஊர் மக்கள் திரட்டிக் கட்ட வேண்டும். மீதி 6 லட்சத்தை அரசு ஒதுக்கும். தமிழ்நாட்டில் ‘நமக்கு நாமே திட்டம்’ என்ற பெயரில் நடப்பது இதுதான். 1997-98இல் தொடங்கிய இத்திட்டம், 2011-12இல் ‘தன்னிறைவுத் திட்டம்’ என்று பெயர் மாறியது. 2021-22இல் ஊரகப் பகுதிகளுக்கும் நகரங்களுக்கும் பழைய பெயரோடு திரும்பியது. பெயர் எதுவாக இருந்தாலும், மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மற்றப் பங்கைப் போடும் என்ற அடிப்படை மாறவில்லை.

மதிப்பீட்டுத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு என்பது மக்கள் தர வேண்டிய குறைந்தபட்ச அளவாகும். ஊரகப் பகுதிகளில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வாழும் குடியிருப்புகளில் செய்யப்படும் பணிகளுக்கு ஐந்தில் ஒரு பங்கு கட்டினால் போதும். மேலே சொன்ன அதே 9 லட்சம் ரூபாய் வேலைக்கு அங்கே 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய்தான் ஊரின் பங்கு. இந்தச் சலுகை இருப்பது தெரியாமலேயே, “மூன்றில் ஒரு பங்கு எங்களால் முடியாது” என்று கைவிட்ட குடியிருப்புகளை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே இதை முதலில் சொல்கிறேன். பங்களிப்பை ஊர் மக்கள் கூட்டாகத்தான் தர வேண்டும் என்பதில்லை. தனி ஒருவர், இளைஞர் மன்றம், முன்னாள் மாணவர் சங்கம், தனியார் நிறுவனம் என யாரும் தரலாம்.

பங்களிப்பு மதிப்பீட்டில் பாதியையோ அதற்கு மேலோ எட்டிவிட்டால் இன்னொரு வசதி கிடைக்கிறது. பணம் தந்தவரே அந்தப் பணியைச் செய்யலாம், அல்லது தாம் நம்பும் ஒருவரைக் கொண்டு செய்விக்கலாம். பாதிக்குக் குறைந்தால் வழக்கமான ஒப்பந்தப்புள்ளி முறையில்தான் வேலை நடக்கும். வெளிநாட்டிலோ வெளியூரிலோ நல்ல நிலையில் இருக்கும் ஊர்க்காரர்கள் உதவ முன்வரும்போது, பாதித் தொகையை எட்ட முடியுமா என்று ஒருமுறை கணக்குப் பார்ப்பது நல்லது.

விளையாட்டுத் திடல், பூங்கா, சமுதாயக்கூடம், அரசுப் பள்ளியின் சுற்றுச்சுவர், நூலகக் கட்டடம் போன்ற பொதுச் சொத்துகளுக்கு இத்திட்டத்தில் கேட்கலாம். தனியார் நிலத்திலோ, தனிப்பட்ட ஒருவருக்கு மட்டும் பயன்படும் வகையிலோ, வழிபாட்டுத் தலங்களுக்கோ கேட்க முடியாது. கோயிலை ஒட்டிய மைதானம் என்றால், அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதைக் கட்டாயம் பார்த்தாக வேண்டும்.

நிலம் என்ற இந்த இடத்தில்தான் பெரும்பாலான முயற்சிகள் இடறி விழுகின்றன. எங்கள் பக்கத்து ஊரில் இளைஞர்கள் நான்கு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கி, ஐம்பது ரூபாய் தந்த பாட்டியின் பெயரைக்கூட விடாமல் ஒரு நீள நோட்டில் எழுதி, 2 லட்சத்துக்கு மேல் சேர்த்தார்கள். மனு கொடுத்த பிறகுதான், மூன்று தலைமுறையாகக் கபடி ஆடிய அந்த மேட்டு நிலம் வருவாய்ப் பதிவேட்டில் ‘குளம் புறம்போக்கு’ என்று இருப்பது தெரிந்தது. நீர்நிலை என்று பதிவான நிலத்தில் கட்டுமானத்துக்கு ஒப்புதல் கிடைக்காது. மனு திரும்பி வந்தது. நோட்டைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு வீட்டுக்கும் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் முகம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. வசூலுக்கு முன் ஒரு மணி நேரம் செலவிட்டிருந்தால் இந்த வருத்தம் நேர்ந்திருக்காது.

அந்த ஒரு மணி நேர வேலை கடினமானதும் அல்ல. திடலின் சர்வே எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் பெற்று, வருவாய்த் துறையின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இணைய சேவையில் ‘அ’ பதிவேட்டு (ஊரின் ஒவ்வொரு நிலத்தின் வகையையும் குறித்து வைக்கும் பதிவேடு) விவரத்தைப் பார்த்தால், நிலம் எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். மேய்க்கால், மந்தைவெளி, களம், நத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நடைமுறை உண்டு. வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்து, இந்தப் பயன்பாட்டுக்குத் தடை இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். புல வரைபடத்தையும் கையோடு எடுத்து வைத்துக்கொண்டால், எல்லைத் தகராறு பின்னால் தலைதூக்காது.

அடுத்தது மதிப்பீடு. ஊராட்சி ஒன்றியப் பொறியாளர் இடத்தைப் பார்த்துத் தயாரிக்கும் இந்தத் தாளில் இல்லாத எதுவும் பிறகு திடலில் வராது. ஆகையால் அவர் அளக்க வரும் நாளில் விளையாடுகிறவர்கள் உடன் நிற்க வேண்டும். கைப்பந்து ஆடுகளம் 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் கொண்டது. சுற்றிலும் குறைந்தது 3 மீட்டர் வெற்றிடம் வேண்டும் என்பதால், உண்மையில் 24-க்கு 15 மீட்டர் இடம் தேவைப்படும். ஆண்கள் கபடிக்கு 13-க்கு 10 மீட்டர். நீளவாட்டம் வடக்கு தெற்காக அமைந்தால்தான் மாலையில் ஆடுகிறவர்களின் கண்ணில் வெயில் அடிக்காது. கிழக்கு மேற்காகப் போட்டுவிட்டால் ஒரு பக்க அணி ஐந்து மணிக்கு மேல் கையை நெற்றியில் வைத்துக்கொண்டுதான் ஆட வேண்டும். செம்மண் நிரப்பி உருளையால் அழுத்துவது வரை எல்லோரும் கேட்கிறார்கள். தண்ணீர் வடியச் சரிவும் ஓரத்தில் வடிகாலும் கேட்பதுதான் விட்டுப்போகிறது. ஒரு திடலில் வேலை முடிந்து வந்த முதல் ஐப்பசி மழையில் நடுக்கோடு வரை தண்ணீர் நின்று, போட்ட செம்மண் முழுவதும் குழம்பாகிப் போனதை நானே கண்டேன். பெண் பிள்ளைகளும் வர வேண்டும் என்று நினைக்கும் ஊர், விளக்கையும் கழிப்பறையையும் அதே மதிப்பீட்டில் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

மனுவை ஊரகப் பகுதியில் மாவட்ட ஆட்சியருக்கு எழுதி, வட்டார வளர்ச்சி அலுவலர் வழியாகவோ மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையிலோ கொடுக்கலாம். நகர்ப்புறத்தில் மாநகராட்சி அல்லது நகராட்சி ஆணையரிடமும், பேரூராட்சியில் செயல் அலுவலரிடமும் கொடுக்க வேண்டும். கிராம சபைத் தீர்மானத்தின் நகலை இணைப்பது மனுவுக்கு வலு சேர்க்கிறது. கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடுகிறது. கூட்டம் முடிவதற்குள் தீர்மானப் பதிவேட்டில் சர்வே எண்ணும் பணியின் பெயரும் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். ‘விளையாட்டு வசதி செய்து தர வேண்டும்’ என்ற பொத்தாம்பொதுவான வரியால் பயன் இல்லை.

பங்களிப்புத் தொகையை வரைவோலையாகவோ காசோலையாகவோ அலுவலகத்தின் பெயரில் செலுத்தி, ரசீது பெற வேண்டும். ரொக்கமாக யார் கையிலும் தரக் கூடாது. ஆட்சியரின் நிர்வாக ஒப்புதல் ஆணை வந்த பின்பே வேலை தொடங்கும். அந்த ஆணையின் நகலைக் கேட்டு வாங்கி, மதிப்பீட்டோடு சேர்த்து ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டி வைத்தால், திடல் வழியே போகிறவர்கள் எல்லோருமே மேற்பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள். மண்ணின் கனமும் கம்பத்தின் உயரமும் மதிப்பீட்டில் சொன்னபடி இருக்கின்றனவா என்பதை டேப் கொண்டு யாரும் அளக்கலாம். சந்தேகம் வந்தால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மதிப்பீட்டையும் நடந்த வேலையின் அளவுகளைப் பொறியாளர் பதியும் அளவுப் புத்தகத்தின் பக்கங்களையும் பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுச் செய்து கேட்கலாம்; 30 நாள்களுக்குள் பதில் தந்தாக வேண்டும்.

திடல் தயாரான பிறகு பந்துக்கும் வலைக்கும் தனியாக வசூல் செய்ய வேண்டிய நிலை எல்லா ஊருக்கும் இல்லை. 2024இல் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டம் மாநிலத்தின் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளுக்குமானது. உங்கள் ஊராட்சிக்கு வந்த விளையாட்டுப் பொருள்கள் பெட்டி எங்கே இருக்கிறது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள். பூட்டிய அறைக்குள் இருந்தால், மாலை நான்கு மணிக்கு அதைத் திறந்துவிட ஒருவரை ஊரே கூடிப் பொறுப்பாக்கலாம்.