அந்த ஒரு வரியை ஒட்டுவதற்கு முன்

கொக்குவிலில் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகத்தின் சேர்வர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் அங்கே புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், ஒரு ஷெல் கருவியை நிறுவ இணையத்தில் கண்ட வரியை அப்படியே டெர்மினலில் ஒட்டினார். கேர்ல், ஒரு முகவரி, பைப் குறி, சூடோ பாஷ். அந்த முகவரியில் உள்ள ஸ்கிரிப்டை, அதாவது கட்டளைக் கோப்பை, கேர்ல் இறக்கும்; பைப் அதை நேரே பாஷிடம் கொடுக்கும்; சூடோ தரும் நிர்வாகி அதிகாரத்தோடு பாஷ் அதை ஓட்டும். எண்டரைத் தட்டமுன் கையைப் பிடித்தேன்.

"உள்ளுக்கு என்ன இருக்கெண்டு பாத்தனீரே?"

"இல்லை அண்ணை, எல்லாரும் இப்பிடித்தானே போடினம்."

உண்மைதான், அதுதான் எனக்குப் பயம். லினக்ஸ் இயங்குதளமான டெபியனில் மென்பொருள் பொதிகளை நிறுவும் டிபிகேஜியை 1994 ஜனவரியில் இயன் மர்டொக் தொடங்கியபோது அதுவும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்தான். பிறகு பெர்லுக்கு மாறியது; அதே வருடம் இயன் ஜாக்சன் முக்கிய பகுதியை சி மொழியில் எழுதினார். 1999இல் டெபியன் 2.1உடன் வந்த ஏபிடி, ஒரு பொதிக்குத் தேவையான மற்றப் பொதிகளையும் தானே தேடி எடுத்தது. வருகிற பொதி டெபியனுடையதுதானா என்று கையொப்பம் பார்க்கும் பழக்கம் 2007இல், 4.0வில்தான் அதற்குள் சேர்ந்தது. 13 வருட உழைப்பு அது. ஒரு பைப் குறி அத்தனையையும் தாண்டிப் போய்விடுகிறது.

2021இல் நிரல் சோதனை அறிக்கைகளைத் தொகுக்கும் கோட்கவ் நிறுவனத்தின் பாஷ் அப்லோடர் ஸ்கிரிப்டை யாரோ மாற்றிவிட்டார்கள். ஜனவரி 31 முதல் அது டோக்கன்களையும் கடவுச்சொற்களையும் வெளிச் சேர்வர் ஒன்றுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஏப்ரல் 1ஆம் திகதிதான் பிடிபட்டது, அதுவும் ஒரு வாடிக்கையாளர் தான் இறக்கிய கோப்பின் ஹாஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்ணை) வெளியிடப்பட்ட ஹாஷுடன் ஒப்பிட்டுப் பார்த்ததால். இரண்டு மாதம் எத்தனை பேர் பார்க்காமலே ஓட்டியிருப்பார்கள்!

கள்ளன் வராவிட்டாலும் ஆபத்து உண்டு. பைப்பில் வருவதை பாஷ் முழுதும் வரும்வரை காத்திருக்காமல் வரிவரியாக ஓட்டும். நடுவில் இணைப்பு அறுந்தால், ஒரு கோப்புறையை அழிக்கச் சொல்லும் வரி பாதியோடு நின்று, மேலே உள்ள கோப்புறையையே அழித்துவிடலாம். கவனமானவர்கள் முழு ஸ்கிரிப்டையும் ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்து, கடைசி வரியில் மட்டும் அதைக் கூப்பிடுவது இதற்காகத்தான்.

சரி, அன்றைக்கு ஸ்கிரிப்டை முதலில் கோப்பாக இறக்கி, கோப்பை வாசிக்க மட்டும் உதவும் லெஸ்ஸில் திறந்து இருவரும் வாசித்தோம். பத்து நிமிடம் போனது. பாதி வழியில் தம்பி திரையைத் தொட்டுக் காட்டினார்.

"அண்ணை, இது என்ர சொந்த ஹோம் ஃபோல்டருக்குள்ளதானே எல்லாத்தையும் வைக்குது. இதுக்கு ஏன் சூடோ?"