சஸ்பென்ஷன்: இடைநீக்கமா, தொங்கலா, வில்லா?

காரின் உடலைச் சக்கரங்களோடு ஸ்பிரிங் வழியாக இணைக்கும் அமைப்புக்கு ஆங்கிலத்தில் சஸ்பென்ஷன் என்று பெயர். பழைய கார்களைப் பற்றித் தமிழில் தேடிப் படிப்பவர்கள் அதற்கு 'முன்புற இடைநீக்கம்' என்ற சொல்லைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். ஊழியரை வேலையிலிருந்து நிறுத்தி வைப்பதற்கு உரிய சொல் அது. இயந்திர மொழிபெயர்ப்பு அதைத் தூக்கிக் கார்ச் சக்கரத்துக்கு மாட்டிவிட்டது. கொஞ்சம் யோசித்து எழுதுகிறவர்கள் 'தொங்கல்' என்கிறார்கள். இடைநீக்கத்தைவிட மேல்தான், ஆனால் அதுவும் பொருந்தவில்லை.

சஸ்பென்ஷன் என்ற சொல்லின் வேர் லத்தீன். கீழே தொங்கவிடுதல் என்று பொருள். இன்றைய கார் எதிலும் தொங்குவதில்லை, ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் ஏன் இந்தப் பெயர்? பழைய ஐரோப்பியக் குதிரை வண்டிகளில் ஆட்கள் உட்காரும் பெட்டி உண்மையிலேயே தொங்கியது. அடிச்சட்டத்தின் மூலைகளில் கட்டைகளை நிறுத்தி, தடித்த தோல்வார்களால் பெட்டியை ஊஞ்சல் போலக் கட்டியிருந்தார்கள். பின்னால் எஃகு ஸ்பிரிங் வந்தது, தோல்வார் போனது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. 'தொங்கல்' அந்தப் பழைய வேரைப் பெயர்க்கிறது. கண்முன் இருக்கும் பொருளைப் பெயர்க்கவில்லை.

பொருளுக்கு ஏற்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே புழங்கியிருக்கிறது: வில். அடியில் ஸ்பிரிங் பொருத்திய மாட்டுவண்டிக்கு வில்வண்டி என்று பெயர். வசதியான வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் போன வண்டி. மலையாளத்திலும் அதே சொல்தான். 1893-ல் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் அய்யன்காளி, தன் மக்கள் நடக்கக்கூடாது என்று தடுக்கப்பட்ட பொதுவழியில் ஓட்டிச் சென்றது ஒரு வில்லுவண்டி. கார் நம் ஊர்ச் சாலைக்கு வருவதற்கு முன்பே வண்டியின் ஸ்பிரிங்குக்கு வில் என்று பெயர் இருந்திருக்கிறது. அம்பு எய்யும் வில்லும் இதுவும் செய்கிற வேலை ஒன்றே: வளைந்து விசையைச் சேர்த்து வைத்து, திருப்பிக் கொடுப்பது. பள்ளிப் பாடத்தில் வரும் சுருள்வில் இந்த வழியில் அமைந்த சொல்தான். ஆகவே சஸ்பென்ஷன் முழுவதையும் சேர்த்து 'வில்லமைப்பு' என்று சொல்லலாம் என்பது என் கருத்து.

பட்டறையில் யாரும் வில் என்று சொல்வதில்லை என்பது உண்மை. எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்குக்கு அங்கே பட்டை, ஸ்பிரிங் பட்டை என்று பெயர். அதுவும் நல்ல தமிழ்தான், இரண்டையும் சேர்த்து 'பட்டைவில்' என்றால் ஒரு குறையும் இல்லை. லாரியில் உடைந்த பட்டையைக் கொல்லர்கள் வாங்கி அரிவாள் அடிப்பார்கள். வளைந்து மீளும் அந்த எஃகு, கூர்மையையும் தாங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். சூடேற்றி முக்கிக் கடினப்படுத்துவதைத் தோய்ச்சல் என்பார்கள். பழைய காரின் பட்டைவில்லை மீட்பவருக்கு இந்தச் சொல் மிக முக்கியம். தொய்ந்த பட்டையைச் சம்மட்டியால் அடித்து வளைவு ஏற்றிவிட்டால் நிமிர்ந்து நிற்கும், ஆனால் சீக்கிரமே மறுபடி உட்கார்ந்துவிடும். முறையாகச் செய்வதென்றால் ஒவ்வொரு பட்டையையும் பிரித்துச் சூடேற்றி, வளைத்து, எண்ணெயில் தோய்த்து, மீண்டும் மிதமான சூட்டில் பதப்படுத்த வேண்டும். புதிதாகச் செய்யக் கொடுப்பதானால் பட்டைகளின் எண்ணிக்கை, அகலம், தடிமன், முனையில் வளையமாகச் சுருட்டிய காதின் விட்டம், சுமையில்லாத நிலையில் உள்ள வளைவு எல்லாம் வேண்டும். பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் நடு போல்ட்டிலிருந்து இரு முனைக்கும் உள்ள தூரத்தைத் தனித்தனியாக அளந்து கொடுங்கள். பல கார்களில் அந்த போல்ட் சரியாக நடுவில் இருக்காது.

இனி மொரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948-ல் இங்கிலாந்தில் வெளிவந்த கார், 16 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. இலங்கையில் இன்னும் செல்லமாக ஓட்டுகிறார்கள், அங்கே இதற்குப் பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பியிருக்கிறார்கள். இதன் பின்பக்கம் பட்டைவில். முன்பக்கம் டார்ஷன் பார், அதாவது காரின் நீளவாட்டில் படுத்திருக்கும் ஒரு நேரான எஃகுத் தண்டு. சக்கரம் ஏறும்போது அது முறுக்கிக்கொள்ளும், இறங்கும்போது முறுக்கு அவிழும். வளையாத இதை எப்படி வில் என்பது என்று கேட்கலாம். விசையைச் சேர்த்துத் திருப்பித் தருவதால் இதுவும் வில்லே. 'முறுக்குவில்' என்றால் பார்த்ததும் வேலை புரிந்துவிடும்.

ஷாக் அப்சார்பர் என்ற பெயரில்தான் காசு வீணாகிறது. 'அதிர்வுத்தாங்கி' என்று பெயர்த்ததும் காரைத் தாங்குவதே அதுதான் என்று தோன்றிவிடுகிறது. கார் ஒரு பக்கம் சாய்ந்தால் உடனே அதை மாற்றச் சொல்கிறார்கள். சாய்ந்தது வில்லின் குறை. பள்ளத்தில் அதிர்ச்சியை வாங்குவதும் பெரும்பாலும் வில்தான். வாங்கிய பிறகு வில் நிற்காமல் ஆடுமே, அந்த ஆட்டத்தை எண்ணெயின் தடையால் அடக்குவதுதான் இந்தப் பாகம். பிரிட்டிஷ்காரர்கள் டாம்பர் என்கிறார்கள். தமிழில் 'தணிப்பி' என்பது நேரான சொல்.

மைனரின் முன்பக்கத் தணிப்பி இன்றைய குழாய் வடிவில் இருக்காது. எண்ணெய் நிறைந்த உலோகப் பெட்டியும் அதிலிருந்து நீளும் கையுமாக இருக்கும். அந்தக் கைதான் சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் கையும்கூட. அதனால் கழற்றிவிட்டு வேறு ஏதாவது ஷாக் அப்சார்பரை அப்படியே மாட்ட முடியாது. பழைய பெட்டி கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள். கை சுழலும் தண்டு தேய்த்த துளையைச் சீராக்கி, துளைக்குள் இருக்கும் உறையான புஷ்ஷையும் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீலையும் மாற்றி, எண்ணெய் ஊற்றினால் மறுபடி வேலை செய்யும். ரப்பர் விஷயத்தில் நேர்மாறு. அட்டைப்பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக் என்று ஐம்பது வருஷத்து ரப்பர் புஷ்ஷைக் கொடுத்தால் வாங்க வேண்டாம். அது அட்டைப்பெட்டிக்குள்ளேயே இறுகியிருக்கும்.

முறுக்குவில்லைக் கழற்றும்போது இடது, வலது என்று தமிழிலோ எதிலோ எழுதிக் கட்டிவிடுங்கள். ஒரு திசையில் முறுகிப் பழகிய தண்டை எதிர்ப்பக்கம் மாட்டினால் உடையக்கூடும். மேற்பூச்சையும் சுரண்ட வேண்டாம், விரிசல் ஒரு சின்னக் கீறலிலிருந்துதான் தொடங்கும்.