புழுவுக்கு ஏன் ஆன்டிபயாட்டிக்?

பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து புழுவை என்ன செய்துவிடும்? பெரும்பாலான புழுக்களை ஒன்றும் செய்யாது. யானைக்கால் நோயையும் ஆற்றுக் குருட்டு நோயையும் உண்டாக்கும் ஃபைலேரியா புழுக்களின் கதை வேறு. நூல் போன்ற இவற்றின் செல்களுக்குள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. முட்டை வழியே அடுத்த தலைமுறைக்கும் போகிறது. அது இல்லாவிட்டால் கரு வளராது. நாளடைவில் தாய்ப்புழுவும் பிழைக்காது.

1970களிலேயே எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் இந்த பாக்டீரியா கண்ணில் பட்டுவிட்டது. ஆனால் அதை மருந்தால் தாக்கிப் பார்க்கலாம் என்ற யோசனை சூடுபிடிக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், கொறித்துண்ணிகளில் வாழும் ஃபைலேரியா புழுவுக்கு எதிராக டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்தார்கள். புழு வளர்ச்சி குன்றி மலடானது. மருந்தே நேரடியாகப் புழுவுக்கு நஞ்சாகியிருக்கலாமே? இயற்கையிலேயே வோல்பாக்கியா இல்லாத இன்னொரு ஃபைலேரியா புழுவிடமும் அதே மருந்தைச் சோதித்தார்கள். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான்.

மனிதர்களிடம் சோதிப்பதில் வேறு சிக்கல். மருந்து முடிந்த மறுநாள் புழு சாவதில்லை. மாதக்கணக்கில் நலிந்துதான் சாகிறது. 2000இல் வெளியான கானா ஆய்வில் ஆற்றுக் குருட்டு நோயாளிகளுக்கு டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக்கான டாக்சிசைக்ளின் தினமும் 100 மில்லிகிராம் ஆறு வாரங்களுக்குத் தரப்பட்டது. பிறகு தோலுக்கடியில் புழுக்கள் சுருண்டு கிடக்கும் முடிச்சுகளை வெட்டியெடுத்து, பெண் புழுவுக்குள் கரு வளர்கிறதா என்று பார்த்தார்கள். யானைக்கால் புழுவை அப்படி எடுத்துப் பார்க்க வழியில்லை. அது நிணநீர் நாளத்தில் நெளிவதை அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் காணலாம். 'ஃபைலேரியா நடனம்' என்றே மருத்துவர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நடனம் நின்றால் புழு செத்தது என்று கணக்கு. 2005இல் வெளியான தான்சானியா ஆய்வில், எட்டு வாரம் டாக்சிசைக்ளின் சாப்பிட்ட பெரும்பாலானோரிடம் அது நின்றுபோயிருந்தது.

குறை இல்லாமல் இல்லை. வாரக்கணக்கில் தினமும் மாத்திரை விழுங்க வேண்டும்; கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இந்த மருந்து ஆகாது. ஏழு நாளில் வேலையை முடிக்கும் மருந்துக்கான தேடல் அதனால்தான் நடக்கிறது.

ஆனாலும் மத்திய ஆப்பிரிக்காவில் டாக்சிசைக்ளினுக்குத் தனி இடம் உண்டு. அங்கே பலரது உடலில் லோவா லோவா என்ற கண் புழுவும் சேர்ந்தே இருக்கிறது. ஆற்றுக் குருட்டு நோய்க்கு வழக்கமாகத் தரும் ஐவர்மெக்டின், ரத்தத்தில் மிக அதிகமாக இருக்கும் லோவா நுண்புழுக்களை (புழுவின் குஞ்சுகளை) சட்டென்று கொல்லும்போது மூளையே பாதிக்கப்படலாம். லோவாவுக்குள் வோல்பாக்கியா கிடையாது. டாக்சிசைக்ளின் அதைச் சீண்டாமல் விட்டுவிடுகிறது.