நடக்கப் போகும்போது அம்மாவிடம் யார் இருப்பார்கள்?

களியக்காவிளையிலிருந்து கன்னியாகுமரி வரை நடக்க வேண்டும் என்று ஒரு பெண் என்னிடம் வந்தார். தக்கலைப் பக்கம் வீடு, வயது ஐம்பதைத் தொட்டிருந்தது. அம்மாவுக்கு அல்சைமர் என்ற மறதி நோய். படுக்கையோடு கிடக்கும் இரண்டு முதியவர்களுக்குப் படுக்கைப் புண் வராமலிருக்க உதவும் காற்றுப் படுக்கை வாங்கித் தர, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தெரிந்தவர்களிடம் பணம் திரட்டுவது அவர் திட்டம். "முட்டு தாங்குமா சார்?" என்று கேட்டார்.

நான் பிசியோதெரபிஸ்ட். ஆனாலும் முட்டுவலிக்கு முன் நான் கேட்டது வேறு. "நீங்க நடந்து பழகுற நேரம் அம்மாகிட்ட யாரு இருப்பா?"

பதில் வரவில்லை. கண் நிறைந்துவிட்டது. மூன்று வருடமாக மீன் வாங்கக்கூட ஓடிப்போய் ஓடி வருகிறவர் அவர்.

இந்த வழி 50 கிலோமீட்டருக்கு மேல். இரண்டு நாளில் முடிக்க நாலு மாதமாவது பழக வேண்டும். வாரத்துக்கு ஒரு நீண்ட நடை: 5 கிலோமீட்டரில் தொடங்கி, பைய பைய 20 வரை. மூன்று வாரம் கூட்டினால் நாலாவது வாரம் குறைக்க வேண்டும். தக்கலைக்கு மேற்கே ரோடு ஏறி இறங்கும். முழங்காலைப் படுத்துவது ஏற்றத்தைவிட இறக்கம்தான், அதனால் தொடைக்குத் தனிப் பயிற்சி உண்டு. புது ஷூவை அன்றைக்குப் போட்டுக்கொண்டு கிளம்பக் கூடாது. இதெல்லாம் சொல்லிக் கொடுத்துவிடலாம். அந்த நாலு மாதத்து மணிநேரங்களை யார் தருவது என்பதுதான் பெரிய கேள்வி.

நாகர்கோவிலில் இருக்கும் அவருடைய அண்ணனைக் கூப்பிட்டுப் பேசினேன். "வயசானா ஓர்மை குறையத்தானே செய்யும்?" என்றார். இந்த ஒரு வாக்கியத்தால் பல வீடுகளில் வருடங்கள் வீணாகின்றன. மூப்பு மட்டுமே டிமென்ஷியாவை, அதாவது நினைவும் சிந்தனையும் குன்றிப்போகும் நிலையைக் கொண்டுவருவதில்லை, அல்சைமர் போல மூளையைத் தாக்கும் நோய்களால் வருவது அது. தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு, விழுந்தபின் தலைக்குள் கசியும் ரத்தம் இவற்றாலும் மறதி வரும். இவை சிகிச்சையில் சரியாகக்கூடும். ஆகவே முதலில் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளை ஏற்றுக்கொண்டார். முதல் ஞாயிறு மதியமே எனக்குப் போன். ஒரு தோசை ஊட்ட முக்கால் மணி நேரம் ஆனதாம். குரல் உடைந்திருந்தது. தங்கை மூன்று வருடம் செய்ததை அவர் அன்றுதான் பார்த்தார்.

வேலை முடிந்து சாயங்காலம் நடக்கலாம் என்று தங்கை நினைத்திருந்தார். வேண்டாம் என்றேன். பொழுது சாயும் நேரத்தில்தான் இந்த நோயாளிகள் பலருக்குப் பதற்றம் கூடும், வீட்டிலேயே இருந்துகொண்டு "வீட்டுக்குப் போணும்" என்று வாசலைப் பார்த்து நடப்பார்கள். பழகிய முகம் பக்கத்தில் இருக்க வேண்டிய நேரம் அது. காலை ஐந்தரைக்கு மாற்றினோம், அண்ணி வந்து உட்கார்ந்தார். வெயிலுக்கும் அதுவே நல்லது.

பணம் கேட்டு வாட்ஸ்அப்பில் போட அம்மாவின் படம் ஒன்றை எடுத்திருந்தார்: கலைந்த முடி, வெறித்த பார்வை. அதைப் போடாதீர்கள் என்று கெஞ்சினேன். யோசித்துச் சம்மதம் சொல்லும் நிலையில் அந்த அம்மா இல்லை. மகள் நடக்கும் படமே போதும்.

ஒரு நாள் மகள் ஷூ மாட்டுவதைப் பார்த்த அம்மா, "கோவிந்தா... கோபாலா!" என்றாராம். மகளின் பெயர் மறந்துவிட்டது. சின்ன வயதில் சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டக்காரர்கள் அப்படிக் கூவிக்கொண்டே பன்னிரண்டு சிவன் கோயிலுக்கும் ஓடும்போது, வாசலில் நின்று மோர் கொடுத்தது மறக்கவில்லை. அல்சைமர் பெரும்பாலும் முதலில் கெடுப்பது புது நினைவுகளைப் பதிக்கும் பகுதியை, பழையவை அதிக நாள் தங்கும். அதற்குப் பிறகு தினமும் பத்து நிமிடம் அம்மாவையும் கைபிடித்து முற்றத்தில் நடக்க வைத்தோம். கோபாலா சொல்லிக்கொண்டே நடப்பார்.

உங்கள் வீட்டில் ஞாயிறுக்கு அண்ணன் இல்லாமல் இருக்கலாம். முதியோருக்கான 14567 உதவி எண்ணில் ஆலோசனை கேட்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

ஜனவரியில் அவர் நடந்து முடித்தார். கால் பெருவிரலில் ஒரு கொப்புளம், அவ்வளவுதான். படுக்கைகள் இரண்டும் போய்ச் சேர்ந்தன. இப்போதும் காலை ஐந்தரைக்கு அண்ணி வருகிறார், அவர் நடக்கப் போகிறார்.