கறுப்பு மையில் ஒரு வெள்ளை வளையம்

நுவரெலியாப் பக்கம் பனிக்காலத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல், தலையிடி என்றால் யாரும் பெரிதாக எடுப்பதில்லை. ஒரு பனடோல், கொத்தமல்லித் தண்ணி, இரண்டு நாளில் சரி. ஆனால் இரண்டு மூன்று வாரமாகியும் தலையிடி விடவில்லை, காலையில் எழுந்ததும் வாந்தி, லயத்து வாசலில் ஓடித் திரிந்த பிள்ளை சுருண்டு படுக்கிறது, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்கிறது என்றால், உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அது பங்கசால், அதாவது பூஞ்சையால், வரும் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம்.

பக்டீரியாவால் வரும் மூளைக்காய்ச்சல் ஓரிரு நாளிலேயே பிள்ளையைச் சாய்த்துவிடும். பங்கசு பெரும்பாலும் மெதுவாகத்தான் வேலை செய்யும். கழுத்து விறைக்காமலும் இருக்கலாம். ஆரம்பத்தில் காசநோய் மூளைக்காய்ச்சல் போலவே தெரியும்.

இப்படி மூளைக்காய்ச்சல் தரும் பங்கசுகளில் முக்கியமானது கிரிப்டோகொக்கஸ். புறா எச்சத்திலும் மண்ணிலும் உக்கிய மரத்திலும் இருக்கும். அதன் ஓர் இனம் யூகலிப்டஸ் மரத்தை ஒட்டி வாழ்வதை 1990இல் அவுஸ்திரேலியாவில் கண்டறிந்தார்கள். அதற்காகத் தோட்டத்து மரங்களை வெட்டக் கிளம்ப வேண்டாம்! மூச்சோடு உள்ளே போனாலும் சுகமான உடம்பு பெரும்பாலும் அதை அடக்கிவிடும். இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தெடுக்கும் பிள்ளை, நீண்ட நாளாக ஸ்டீரொய்ட் குடிக்கும் பிள்ளை, எச்.ஐ.வி உள்ள பிள்ளை ஆகியோருக்கே ஆபத்து அதிகம். அதனால் கிளினிக் கொப்பியை மறக்காமல் எடுத்துப் போங்கள். ஆளிலிருந்து ஆளுக்கு இது தொற்றாது.

நோயைக் கண்டுபிடிக்க, மூளையையும் முள்ளந்தண்டு நரம்பையும் சுற்றியுள்ள நீரை முதுகில் ஊசி போட்டு எடுப்பார்கள். அப்படி முதுகில் தண்ணி எடுத்தால் பிள்ளை நடக்காது என்று பயந்து கையெழுத்துப் போட மறுப்பவர்கள் உண்டு. முள்ளந்தண்டு நரம்புத்தண்டு முடியும் இடத்துக்குக் கீழேதான் ஊசி இறங்குகிறது. எடுத்த நீரில் ஒரு சொட்டுக் கறுப்பு மையைக் கலந்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால், கறுப்புக்கு நடுவே வெள்ளை வளையம் போட்ட உருண்டைகள் தெரியும். பங்கசைச் சுற்றியுள்ள கொழகொழ உறைக்குள் மை புகாது; அதுதான் அந்த வளையம். மையில் தெரியாவிட்டாலும் உறைப்பொருளைப் பிடிக்கும் வேறு பரிசோதனை உண்டு.

அந்த உறைப்பொருள்தான் மூளைநீர் வடியும் வழியையும் அடைக்கிறது. தலைக்குள் அழுத்தம் ஏற, தலையிடியும் இரட்டைப் பார்வையும் வருகின்றன. ஆகவே நீரை வடிப்பது பரிசோதனை மட்டுமல்ல, வைத்தியமும்தான். சிலருக்குத் திரும்பத் திரும்ப எடுப்பார்கள்.

மருந்து அம்போடெரிசின் பி, குளுக்கோஸ் கரைசலில் கலந்து இரத்த நாளத்தில் ஏற்றுவது; கூடவே புளூசைட்டோசின். அம்போடெரிசின் பங்கசின் சவ்வுக் கொழுப்பைப் பிடித்து ஓட்டை போடுகிறது. நம் கலத்திலும் கிட்டத்தட்ட அதே மாதிரிக் கொழுப்பு இருப்பதால் சிறுநீரகமும் அடிபடலாம். வார்டில் அடிக்கடி இரத்தம் எடுப்பது அதைக் கவனிக்கத்தான். அப்புறம் மாதக்கணக்கில் புளூகொனசோல். தலையிடி போனதென்று இடையில் நிறுத்தினால் மிச்சமிருக்கும் பங்கசு மறுபடி கிளம்பும்.